நாலு காப்பியும் ஒரே காப்பிதான்: வீட்டில் டிவிடி போடுவது பற்றிச் சில குறிப்புகள்

போன ஆடி மாசம் திண்டுக்கல்லிலிருந்து அத்தை போன் பண்ணினார். "ஏம்ப்பா, நீ போட்டுக் குடுத்த கல்யாண டிஸ்க்கு ஓட மாட்டேங்குதுப்பா. மாமா மொய் வாசிக்கிற எடத்துக்குக் கிட்ட வந்ததும் அப்பிடியே நின்னுபோகுது. தொடச்சுப் போட்டும் பாத்துட்டேன்."

அத்தை வீட்டில் இப்போதும் டிவிக்குக் கீழே ஒரு டிவிடி பிளேயர் இருக்கிறது. யூடியூப், பென் டிரைவ் எதுவும் அவருக்கு ஒத்துவராது. டிஸ்க்கை வைத்தால் படம் வர வேண்டும், அவ்வளவுதான். அதில் அவர் பார்ப்பதும் பெரும்பாலும் ஒரே டிஸ்க். 1994-இல் நடந்த அவர் மூத்த மகள் கல்யாணம். அந்தக் கால வீடியோக்காரர்கள் எல்லாரையும் போல இவரும் முகூர்த்தத்திலிருந்து பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். யார் வாயசைத்தாலும் பாட்டுதான் கேட்கும். கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மட்டும் என்ன காரணமோ பாட்டுப் போடாமல் விட்டிருக்கிறார். அதில்தான் மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு மொய் நோட்டை வாசிக்கிறார். ஊர், பேர், தொகை. மாமா 2003-இல் போய்விட்டார். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

அந்த டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தது நான். 2008-இல். விஎச்எஸ் கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. ரிச்சி தெருவில் ஒரு டிவி டியூனர் கார்டு வாங்கி, நண்பன் வீட்டு டெக்கைக் கடன் வாங்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 2 மணி 10 நிமிடம். அதே தெருவில் இருக்கிறதிலேயே விலை குறைந்த ஐம்பது டிஸ்க் டப்பா ஒன்று. 16 எக்ஸ் வேகத்தில் வரிசையாக நாலு காப்பி ரைட் பண்ணினேன். அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, கல்யாணப் பெண்ணுக்கு ஒன்று, எங்கள் வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் வேறு ஒட்டினேன். பிறகு கேசட்டைத் தூக்கிப் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டரில் இருந்த கோப்பையும் அழித்தேன். "டிஜிட்டல் ஆயிடுச்சு அத்தை, இனிமே அழியாது" என்று சொன்னதும் நான்தான்.

இந்த ஒரு பத்தியில் எத்தனை தப்பு இருக்கிறது என்று பிறகு உட்கார்ந்து எண்ணினேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. இன்னும் டிவிடியா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் வீட்டில் பிளேயர் இருக்கும் வரை யாராவது ஒருத்தர் டிவிடி போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கப்போகிறோம்.

டிவிடி போடப்போகிறேன் என்று சொல்லும் யாரும் முதலில் கேட்பது "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். அப்புறம் எந்த ரைட்டர் என்பார்கள். டிஸ்க் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் டிஸ்க். என் அனுபவத்தில் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் போட வேண்டும். சாஃப்ட்வேர் சரியில்லையென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் சரியில்லையென்றால் பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். அப்போது மாற்ற எதுவும் இருக்காது.

டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பாலிகார்பனேட் தகடுகள். அவற்றை நடுவில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஒட்டின இடத்துக்குள் சாயம் ஒரு மெல்லிய படலம், அதன் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் உலோகம் ஒரு படலம். கடையில் வாங்கும் சினிமா டிவிடி அச்சில் அழுத்தி எடுத்தது. அதில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே விழுந்திருக்கும். நாம் வீட்டில் எழுதும் டிஸ்க்கில் குழி கிடையாது. லேசர் அந்தச் சாயத்தைச் சூடாக்கி இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு கோடு என்று மாற்றிவைக்கிறது. படிக்கும்போது மாறிய இடமும் மாறாத இடமும் ஒளியை வேறு வேறு அளவில் திருப்புகின்றன. அதாவது நம் வீட்டுக் கல்யாணம் சாயத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சாயம் வெயிலில் வெளுக்கும் என்பதைச் சின்னாளபட்டிச் சுங்குடி கட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒட்டு சரியில்லாத டிஸ்க்கில் ஓரம் வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே போய் உலோகப் படலத்தைக் கெடுக்கும்.

டிவிடி உள்ளேயிருந்து வெளியே எழுதப்படுவது. படத்தின் ஆரம்பம் நடு ஓட்டைக்குப் பக்கத்திலும், முடிவு வெளி ஓரத்திலும் இருக்கும். ஓரத்தில்தான் சாயப் படலம் சீராக இருக்காது. விரல் படுவதும் கீறல் விழுவதும் ஈரம் புகுவதும் அங்கேதான். போதாக்குறைக்கு, 16 எக்ஸ் என்று சொல்லும் வேகம் டிஸ்க் முழுக்க இருப்பதில்லை. டிஸ்க் ஒரே சீராகச் சுற்றுவதால் உள்பக்கத்தில் ஆறு ஏழு எக்ஸில் ஆரம்பித்து, வெளி ஓரத்துக்குப் போகும்போதுதான் பதினாறைத் தொடும். ஆக, மோசமான இடத்தில் அதிவேகத்தில் எழுதுகிறோம். நான் 4.7 ஜிபியையும் ஓரம் வரைக்கும் நிரப்பியிருந்தேன். மாமா மொய் வாசித்தது ஓரத்தில்.

பழைய கேசட்டாக இருந்தால் மெல்ல மெல்ல மங்கும். கோடு விழும், நிறம் போகும், சத்தம் கரகரக்கும். போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். டிவிடி அப்படியில்லை. எழுதி முடித்த அன்றைக்கே எல்லா டிஸ்க்கிலும் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் பிழைகள் இருக்கும். கூடவே எழுதப்படும் திருத்தக் குறிகளை வைத்து பிளேயர் அவற்றையெல்லாம் சத்தமில்லாமல் சரிபண்ணிக்கொள்ளும். வருஷம் ஆக ஆகப் பிழைகள் கூடும். அப்போதும் சரிபண்ணிக்கொண்டே இருக்கும். நமக்குப் படம் பளிச்சென்றே தெரியும். ஒரு நாள் பிழைகள் திருத்தும் அளவைத் தாண்டிவிடும். அன்றைக்குத்தான் படம் அப்படியே நிற்கும். முந்தின தீபாவளிக்குக்கூட நல்லா ஓடுச்சுப்பா என்று அத்தை சொன்னது பொய்யில்லை.

சரி, நல்ல டிஸ்க் என்று எதை வாங்குவது? பெட்டி மேல் இருக்கும் பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது. பெட்டியில் பேர் போடுபவர் ஒருவர், டிஸ்க்கைச் செய்பவர் இன்னொருவர். ஒரே கம்பெனிப் பெட்டியில் போன மாசம் ஒரு தொழிற்சாலைச் சரக்கும் இந்த மாசம் வேறொன்றும் வரும். ஆனால் ஒவ்வொரு காலி டிஸ்க்கிலும் செய்தவரின் அடையாளக் குறி ஒன்று முன்பே பதிந்திருக்கும். இம்க்பர்ன் மாதிரி மென்பொருளைத் திறந்து டிஸ்க்கை உள்ளே போட்டால் வலது பக்கம் காட்டும். லினக்ஸில் ஒரு சின்னக் கட்டளையே போதும். மிட்சுபிஷி கெமிக்கல் என்றால் எம்சிசி என்று தொடங்கும், தாய்யோ யூடன் என்றால் டிவைஜி அல்லது யூடன் என்று, நம்ம நொய்டா மோசர் பேயர் என்றால் எம்பிஐ என்று, தைவானின் சிஎம்சி, ரைடெக் எல்லாம் அவரவர் பேரிலேயே. ஒரு டப்பா மொத்தமாக வாங்கும் முன் ஒன்றிரண்டு தனியாக வாங்கி இந்தக் குறியைப் பார்த்துக்கொள்வது நல்லது. குறியையே திருடிப் போடும் போலிச் சரக்கும் உண்டு. அதனால் இது மட்டும் போதாது. எழுதிச் சோதிப்பது பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் பழைய பரிந்துரைப் பட்டியல்களைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு ஓடாதீர்கள். எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடிய தாய்யோ யூடன், சோனி, பிலிப்ஸோடு சேர்ந்து எழுதும் சிடியையே உருவாக்கிய கம்பெனி. 2015 முடிவில் டிஸ்க் தொழிலை விட்டே போய்விட்டது. மோசர் பேயர் 34 ரூபாய்க்கு சினிமா டிவிடி விற்று வீட்டுக்கு வீடு போன கம்பெனி. 2018-இல் கலைப்புக்குப் போனது. வெர்பேட்டிம் என்ற பேர் இன்னும் இருக்கிறது. ஆனால் அதை மிட்சுபிஷி 2019-இல் சிஎம்சிக்கு விற்றுவிட்டது. இன்றைக்கு வாங்கினாலும் நான் முதலில் தேடுவது வெர்பேட்டிம்தான், பழைய பாசம் கொஞ்சமும் பழக்கம் கொஞ்சமுமாக. ஆனால் பேரை நம்பி கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை.

கூட்டல் டிஸ்க்கா கழித்தல் டிஸ்க்கா என்ற சண்டை ஒரு காலத்தில் மதச் சண்டை மாதிரி நடந்தது. டிவிடி மைனஸ் ஆர் முதலில் வந்தது, 1997 வாக்கில், பயனியர் கம்பெனியிடமிருந்து. பிளஸ் ஆர் 2002-இல் பிலிப்ஸ், சோனி போன்றவர்களின் கூட்டணியிடமிருந்து. எழுதும் நுட்பத்தில் பிளஸ் கொஞ்சம் தேறினது. ரொம்பப் பழைய பிளேயர்கள் மைனஸை ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். சில ரைட்டர்களில் பிளஸ் டிஸ்க்கை "நான் கடையில் வாங்கின சினிமா டிஸ்க்" என்று பொய் சொல்லவைக்கலாம். அப்போது பழைய பிளேயரும் வாங்கிக்கொள்ளும். இதற்குமேல் யோசிக்க வேண்டாம். எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டு பிளேயரில் இரண்டையும் போட்டுப் பாருங்கள், ஓடுவது எதுவோ அது. 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் பக்கம் போகாதீர்கள். விலையும் கூட, பிழையும் கூட. படம் நீளம் என்றால் இரண்டு சாதா டிஸ்க்காகப் பிரித்துவிடலாம்.

எம்-டிஸ்க் என்று ஒன்று உண்டு. அதில் கரிமச் சாயத்துக்குப் பதில் கல் மாதிரியான ஒரு பொருளில் எழுதுகிறார்கள். ஆயிரம் வருஷம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆயிரம் வருஷம் கழித்து பிளேயர் யார் வீட்டில் இருக்கும் என்பதை விட்டுவிடுவோம். சாயம் இல்லை என்பதே பெரிய லாபம்தான். அதை எழுத அதற்கென்று குறி போட்ட ரைட்டர் வேண்டும், படிக்க சாதா பிளேயரே போதும். வேறெங்கும் பதிவே இல்லாத குரல் என்றால் இந்தச் செலவு செய்யலாம்.

இனி ரைட்டர். இதில் சொல்ல அதிகம் இல்லை. இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் லேப்டாப்புக்கு யுஎஸ்பியில் மாட்டும் மெல்லிய ரைட்டர்கள். அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் யுஎஸ்பி மின்சாரம் போதாமல் நடுவில் நின்று டிஸ்க் வீணாவது அவற்றில் சகஜம். கூடவே இரட்டைத் தலை ஒயர் கொடுத்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் கிடக்கும் முழு அளவு சாட்டா ரைட்டர் கிடைத்தால் விடாதீர்கள். ரைட்டரின் உள்நிரலில் எந்த டிஸ்க் குறிக்கு லேசரை எவ்வளவு சூட்டில் எப்படி அடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குறி பட்டியலில் இல்லையென்றால் குத்துமதிப்பாக அடிக்கும். அதனால்தான் ஒரு ரைட்டரில் அருமையாக எழுதும் டிஸ்க் இன்னொன்றில் சொதப்பும். நல்ல டிஸ்க், நல்ல ரைட்டர் என்று தனித்தனியாகத் தேடுவதைவிட, ஒத்துப்போகும் ஜோடியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

வேகம்: எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு. 16 எக்ஸ் டிஸ்க்கின் சாயம் வேகமான, வலுவான லேசருக்காகச் செய்தது. அதை 2 எக்ஸில் போட்டு வறுத்தால் கெடும். பல ரைட்டர்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டா. 16 எக்ஸ் டிஸ்க்குக்கு 8 எக்ஸ் வேகம் எனக்கு ஒத்துவருகிறது. ஒரு டிஸ்க்குக்கு எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். அதிவேகத்தில் போட்டால் மிச்சமாவது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்தித்தான் 2008-இல் நான் என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை.

கடைசியாக மென்பொருள். இங்கே குழப்பம் வருவதற்குக் காரணம், இரண்டு வேலைகளை ஒன்றாக நினைப்பது. வீடியோவை பிளேயருக்குப் புரியும் டிவிடி வடிவத்துக்கு மாற்றி, மெனு வைத்துக் கட்டுவது ஒரு வேலை. கட்டியதை டிஸ்க்கில் எழுதுவது இன்னொரு வேலை. போனில் எடுத்த எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்க்கில் காப்பி பண்ணினால் அது டேட்டா டிஸ்க்தான். பழைய பிளேயர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு எம்பெக்-2 வீடியோ வேண்டும், வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் அதற்கென்று உள்ள கோப்புகள் வேண்டும். நிறையப் பேர் ஹேண்ட்பிரேக்கை வைத்து டிவிடி போட முயன்று திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அது டிவிடியிலிருந்து எம்பி4 எடுப்பதற்கான கருவி, எதிர்த்திசை அதற்குத் தெரியாது.

விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் டிவிடி மேக்கர் கூடவே வந்தது, 8-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது நான் கட்டுவதற்குப் பயன்படுத்துவது டிவிடி ஸ்டைலர். இலவசம், திறமூலம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். அழகான மெனு வராது, வேண்டாம் என்பேன். அத்தைக்கு மெனுவே வேண்டாம். டிஸ்க்கைப் போட்டதும் படம் ஓட வேண்டும், ரிமோட்டில் அடுத்தது பட்டனை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். எழுத விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி. இம்க்பர்ன் 2013-க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை, ஆனாலும் வேலையில் குறை இல்லை. பொதுவாகவே இந்த மாதிரிப் பழைய இலவச மென்பொருள்களை இறக்கும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கிக்கொண்டே போகாமல் ஒவ்வொரு திரையையும் படியுங்கள். வேண்டாத சாமான்கள் கூடவே ஏறும்.

எதில் கட்டினாலும் சில கணக்குகள் மாறாது. நம் ஊருக்கு பால் முறை: 720-க்கு 576, நொடிக்கு 25 படம். அமெரிக்கா, கனடாவில் இருக்கும் சொந்தத்துக்கு அனுப்புவதென்றால் என்டிஎஸ்சி முறையில் தனியாகக் கட்டுங்கள். அங்குள்ள பல பிளேயர்கள் பாலைத் தொடாது. ஒரு மணி நேரப் படம் என்றால் டிவிடி ஏற்கும் உச்சத் தரத்தையே கொடுக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் படமும் சத்தமும் சேர்த்து நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் கிடைக்கும், நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். இதில் விஎச்எஸ் கேசட்டுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. கேசட்டிலேயே அவ்வளவு நுணுக்கம் கிடையாது என்பதால் அகலத்தைப் பாதியாக்கி 352-க்கு 576 என்று கட்டலாம். அதுவும் டிவிடி விதிக்கு உட்பட்டதுதான். பாதி இடத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத படம் கிடைக்கும்.

கணக்குப் போடும்போது 4.7 ஜிபியையும் நிரப்பாதீர்கள். விண்டோஸ் கணக்கில் அது 4.38-தான். நான் இப்போது நாலு ஜிபியோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓரம் காலியாகவே கிடக்கட்டும்.

எழுதி முடித்ததும் சரிபார்க்கும் கட்டத்தை டிக் பண்ணி வையுங்கள். நான் அன்றைக்கு நேரம் ஆகிறது என்று அதை எடுத்துவிட்டிருந்தேன். எழுதிய ரைட்டரிலேயே சரிபார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு, தன் கையெழுத்தை யாரும் படித்துவிடுவார்கள். இன்னொரு டிரைவில் போட்டு முழுக்கப் படிக்கவைத்துப் பாருங்கள். லைட்-ஆன் போன்ற சில டிரைவ்கள் உள்ளே எவ்வளவு பிழை திருத்துகிறோம் என்பதையே வரைபடமாகக் காட்டும். அதற்கு 280 என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். அதற்கு வெகு கீழே, இருபது முப்பதில் கோடு போனால் நல்ல டிஸ்க். ஓரத்துக்குப் போகும்போது கோடு மலை மாதிரி ஏறினால், இன்றைக்கு ஓடினாலும் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்தால், படம் நிற்பதற்கு முன்பே டிஸ்க் தளர்வது தெரிந்துவிடும்.

மேலே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. டிஸ்க் வேகமாகச் சுற்றும்போது அது சமநிலையைக் கெடுக்கும், வருஷம் போனால் சுருங்கி ஓரம் கிளம்பும். சிடி மார்க்கர் பேனாவால் நடு வளையத்தில் எழுதினால் போதும். உறையைவிடக் கடினமான பெட்டி நல்லது, அதுவும் புத்தகம் மாதிரி நிறுத்தி. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2003-இல் வெளியிட்ட கையேடு நெடுங்காலச் சேமிப்புக்கு 20 டிகிரிக்குள் வெப்பமும் பாதிக்குக் குறைவான ஈரப்பதமும் சொல்கிறது. திண்டுக்கல்லில் சித்திரை மாசத்தில் இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். முடிந்தது என்னவென்றால், டிவிக்கு மேலே, ஜன்னல் பக்கத்தில் வைக்காமல் பீரோவுக்குள் வைப்பது.

அத்தை டிஸ்க்குக்கு வருகிறேன். போன் வந்த வாரமே திண்டுக்கல் போனேன். கம்ப்யூட்டரில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச லினக்ஸ் கருவியைப் போட்டேன். சாதாரணமாகக் காப்பி பண்ணினால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். இது படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப முயலும். ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் கடைசி 400 மெகாபைட் வரவில்லை. ஏறக்குறைய பதினொரு நிமிடம். மாமா முழுசும் அதற்குள்.

மிச்ச மூன்று காப்பிகளைத் தேடிக் கிளம்பினேன். எல்லாம் ஒரே டப்பா டிஸ்க், ஒரே ரைட்டர், ஒரே ராத்திரி, ஒரே வேகம். நாலு காப்பி வைத்திருந்தோம் என்று சொன்னோமே தவிர, கெடுவதற்கு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் இருந்தது. சித்தப்பா வீட்டுக் காப்பி மாடித் தோட்டத்தில் காக்கா விரட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிப் பயனில்லை. எங்கள் வீட்டுக் காப்பியிலும் ஓரம் போயிருந்தது. கல்யாணப் பெண், அதாவது இப்போது மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் என் அத்தை மகள், அந்த டிஸ்க்கைப் பெட்டி பிரிக்காமல் பட்டுப்புடவை பீரோவில் வைத்திருந்தாள். அதிலும் பிழைகள், ஆனால் குறைவு.

ஒரு விஷயம் எங்களைக் காப்பாற்றியது. நாலும் ஒரே கோப்பிலிருந்து எழுதியவை என்பதால் ஒவ்வொரு பைட்டும் நாலிலும் ஒரே இடத்தில் இருக்கும். டிடிரெஸ்க்யூ குறித்துவைத்த அதே பட்டியலோடு அடுத்த டிஸ்க்கைப் போட்டால், முதல் டிஸ்க்கில் விட்டுப்போன இடங்களை மட்டும் இதிலிருந்து எடுத்து நிரப்பும். ஒன்றில் போன இடம் இன்னொன்றில் இருந்தது. மூன்று டிஸ்க், இரண்டு டிரைவ், ஐந்து நாள். கடைசியில் நிரம்பாமல் நின்றது சுமார் 6 மெகாபைட். எல்லாம் சேர்த்துப் பத்து நொடி.

இந்த முறை ஒரு காப்பி எம்-டிஸ்க்கில், இரண்டு காப்பி வேறு வேறு தொழிற்சாலைக் குறியுள்ள டிஸ்க்குகளில், 8 எக்ஸில். இரண்டு மணி பத்து நிமிடத்தை இரண்டாகப் பிரித்தேன். மொய் வாசிக்கும் பகுதியை இரண்டாவது டிஸ்க்கின் ஆரம்பத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். கல்யாணத்தில் மொய் முதலில் வருவது முறையில்லைதான், அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கோப்பு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கிறது, ஒன்று என்னிடம், ஒன்று அத்தை மகளிடம்.

போட்டுக் காட்டியபோது அத்தை எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டியிலிருந்து மஞ்சள் தடவிய பழைய மொய் நோட்டை எடுத்துவந்து மடியில் விரித்துக்கொண்டார். மாமா வாசிக்க வாசிக்க வரிசையாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். போன பத்து நொடியில் நாலு நொடி அங்கேதான் இருந்தது. படம் ஒரு குதி குதித்தது, ஒரு பெயர் விழுங்கிப்போயிற்று. அத்தை நோட்டைப் பார்த்து, "வேடசந்தூரு, நூத்தியொண்ணு" என்று தானே சத்தமாக வாசித்துவிட்டு, மாமா குரல் திரும்ப வந்ததும் நிறுத்திக்கொண்டார்.